ஏட்டில் மட்டும் திருத்திய பிழை

வாசகர் கடிதம்:

மதிப்பிற்குரிய சாமி அவர்களுக்குத் தோத்திரம். எனக்கு வயது 54. காரைக்குடியில் ஒரு மொத்த மளிகைக் கடையில் 22 ஆண்டுகளாகக் கணக்கு எழுதுகிறேன். 2015 தீபாவளி நெரிசலில், லைன் வசூலுக்குப் போகும் தம்பி ஒருவன் இரவு ஒன்பதரை மணிக்கு ரூ.42,000 கொண்டுவந்து கட்டினான். கூட்டத்தில் ரசீது போடவில்லை. ஒரே பெயரில் எங்களுக்கு இரண்டு கடைகள் வாடிக்கை; ஒன்று பள்ளத்தூரில், மற்றொன்று புதுவயலில். பள்ளத்தூர் வரவைப் புதுவயல் பேரில் எழுதிவிட்டேன். அன்று ஏழெட்டுப் பேர் பணம் கட்டியதால் யார் எதைக் கட்டினார்கள் என்பது எனக்கு நினைவில் நிற்கவில்லை. பள்ளத்தூர்க்காரர் பணத்தைப் பையனிடம் கொடுத்துவிட்டதாகச் சொன்னார். எங்கள் ஏட்டில் வரவு இல்லை. முதலாளி அந்தத் தம்பியின் இரண்டு மாதச் சம்பளம் ரூ.16,000-ஐயும் போனஸ் ரூ.8,000-ஐயும் பிடித்துக்கொண்டு, எல்லார் முன்னிலையிலும் திருடன் என்று சொல்லி வெளியே அனுப்பினார். மார்ச்சில் ஆண்டுக் கணக்கை முடிக்க ஐந்தொகை எடுத்தபோது என் பிழை எனக்குத் தெரிந்தது. மாற்றுப் பதிவு ஒன்று போட்டுச் சத்தமில்லாமல் சரிசெய்துவிட்டேன்.

நான்கு முறை, நான்கு குருக்களிடம் பாவசங்கீர்த்தனம் செய்துவிட்டேன். கடைசியாகக் கேட்டவர் இழப்பை ஈடு செய்யச் சொன்னார், ரூ.20,000-ஐ அந்தோணியார் கோவில் உண்டியலில் போட்டேன். தவக்காலத்தில் மூன்று முறை ஓரியூருக்கு நடந்தே போய், அங்கிருந்து எடுத்துவந்த செம்மண்ணைக் கணக்கு மேசையில் ஒரு சிறு டப்பாவில் வைத்திருக்கிறேன். பங்குக் குடும்பங்கள் கூடிச் செபிக்கும் குழுவான அன்பியத்தின் பொறுப்பாளராகவும் இருக்கிறேன். செபமாலை சொல்லும்போது 'எங்கள் பாவங்களைப் பொறுத்தருளும்' என்ற இடத்தில் தொண்டை அடைக்கிறது. அந்தத் தம்பி ஏழு மாதம் வேலையில்லாமல் இருந்து, பிறகு திருப்பூர் போய், இப்போது கல்லலில் டீக்கடை வைத்திருப்பதாகக் கேள்விப்பட்டேன். கடவுள் என்னை மன்னிக்கவில்லையா? இத்தனை ஆண்டு செபமும் பொய்தானா? அன்பியப் பொறுப்பை விட்டுவிடலாமா?

— பெயர் வெளியிட விரும்பாத வாசகர், காரைக்குடி

பதில்:

அன்புச் சகோதரருக்கு,

உங்கள் கடிதம் முழுவதையும் மூன்று முறை படித்தேன். இங்கே சுருக்கமாக அச்சாகியிருப்பது அதன் கால் பங்குதான். அந்தத் தீபாவளி இரவைப் பற்றி ஏறக்குறைய இரண்டு பக்கம் எழுதியிருக்கிறீர்கள்: விளக்கு மங்கலாக இருந்தது, இடையில் லாரிக்காரர் வந்து நின்றார், மூக்குக்கண்ணாடியை வீட்டில் வைத்துவிட்டு வந்தீர்கள் என்றெல்லாம் ஒவ்வொன்றாக நினைவுகூர்ந்திருக்கிறீர்கள். ஆனால் மார்ச் மாதத்தில் உண்மை தெரிந்த நாளைப் பற்றி இரண்டே வரிகள். உங்களுக்குத் தரவேண்டிய பதில் அந்த இரண்டு வரிகளுக்குள்தான் இருக்கிறது என்று எனக்குத் தோன்றுகிறது.

பள்ளத்தூர் வரவைப் புதுவயல் பேரில் எழுதியது பாவம் அன்று. அது பிழை. பாவம் என்பதற்கு விவிலியத்தின் மூல மொழிகளில் வரும் சொற்கள் குறி தவறுதலைக் குறிப்பவை என்று தியானங்களில் நாங்களே சொல்வதுண்டு; அதைக் கேட்டுவிட்டுப் போகிறவர்கள் தங்கள் கை தவறியது, கண் தவறியது எல்லாவற்றையும் பாவக் கணக்கில் எழுதிக்கொள்வதையும் நான் பார்த்திருக்கிறேன். திருச்சபை அப்படிக் கற்பிக்கவில்லை. ஒரு செயல் சாவான பாவம் ஆவதற்கு விடயம் கனமானதாக இருப்பது மட்டும் போதாது. அதை முழுமையாக அறிந்தும், முழு மனத்தோடு சம்மதித்தும் செய்திருக்க வேண்டும். அன்றிரவு உங்களுக்கு அறிவும் இல்லை, சம்மதமும் இல்லை; களைப்பும் அவசரமும் இருந்தன. அடுத்த வாரம் முதலாளி அந்தத் தம்பியைத் திருடன் என்று சொன்னபோதுகூட, அவன் குற்றவாளியாக இருக்கலாம் என்று நீங்களும் உண்மையாகவே நினைத்திருக்கிறீர்கள். அந்த இரவுக்காக இனி நீங்கள் முழந்தாளிட வேண்டியதில்லை.

மார்ச் மாதம் வேறு. ஐந்தொகை எடுக்கையில் ஏட்டைப் பின்னோக்கிப் புரட்டி, புதுவயல் பேரில் ஆளில்லாமல் நிற்கும் ரூ.42,000-ஐக் கண்ட அந்த நிமிடத்தில் உங்களுக்கு எல்லாம் தெரிந்துவிட்டது. யார் பணம், யார் கட்டினான், யார் தண்டிக்கப்பட்டான் என்ற மூன்றையும் ஒரே நேரத்தில் அறிந்துகொண்டீர்கள். அதன் பிறகு வாய் திறவாமல் இருந்தது பிழையன்று. பிறருக்கு எதிராகப் பொய்ச்சான்று சொல்லாதே என்ற கட்டளை நாவால் சொல்லும் பொய்க்கு மட்டும் உரியதென்று நாம் எண்ணிவிடுகிறோம். ஒருவன்மீது விழுந்த பொய்ப்பழியை விலக்கக்கூடிய ஒரே சாட்சி நானாக இருந்தும் பேசாதிருந்தால், அந்த மௌனமும் பொய்ச்சான்றாகிவிடுகிறது. இதைக் கடுமையாகச் சொல்வதற்காகச் சொல்லவில்லை. தீபாவளி இரவை எத்தனை முறை அறிக்கையிட்டாலும் உங்களுக்கு இளைப்பாறுதல் கிடைக்காததற்குக் காரணம், பாரம் அங்கே இல்லாததுதான்.

நீங்கள் குருக்களிடம் எதை எப்படிச் சொன்னீர்கள் என்று நான் கேட்கப்போவதில்லை. பாவசங்கீர்த்தனம் என்று நாம் சொல்லும் ஒப்புரவு அருட்சாதனத்தில் பேசப்பட்டதை வெளியிடும் உரிமை எந்தக் குருவுக்கும் கிடையாது. திருச்சபைச் சட்டம் 983 அதைத் தெளிவாகச் சொல்கிறது. மனம் வருந்தி, திருத்திக்கொள்ளும் எண்ணத்தோடு நீங்கள் அறிக்கையிட்டிருந்தால், மன்னிப்பு முதல் முறையிலேயே முழுமையாகக் கிடைத்துவிட்டது. கடவுள் தவணை முறையில் மன்னிப்பவர் அல்லர். கொலோசையருக்கு எழுதிய கடிதத்தில் புனித பவுல், நமக்கு எதிராக நின்ற கடன் பத்திரத்தைக் கடவுள் எடுத்துச் சிலுவையில் அறைந்துவிட்டார் என்கிறார். வட்டிக்கடைகளும் கடன் பத்திரங்களும் வளர்த்த ஊர்களில் வாழ்கிற நமக்கு அந்த உவமையை யாரும் விளக்கத் தேவையில்லை.

ஆனால் அந்தப் பத்திரம் கடவுளுக்கும் உங்களுக்கும் இடையிலானது. கல்லல் தம்பிக்கு நீங்கள் பட்டிருக்கும் கடன் வேறு ஏட்டில் இருக்கிறது. 1992-இல் வெளியான கத்தோலிக்கத் திருச்சபையின் மறைக்கல்வி நூல், 1459-ஆம் பத்தியில் இதைப் பேசுகிறது: பாவ மன்னிப்பு பாவத்தை நீக்குகிறது, ஆனால் பாவம் விளைவித்த எல்லாச் சீர்கேடுகளையும் அது சரிசெய்துவிடுவதில்லை, ஆகவே திருடியதைத் திருப்பித் தருதல், கெடுத்த பெயரை மீட்டுத் தருதல் போன்றவற்றில் இயன்றதைச் செய்தாக வேண்டும். உங்களைக் கடைசியாக ஆற்றுப்படுத்திய குரு சொன்னதும் இதுதான். அவர் சொல்லைக் கேட்டு நீங்கள் பணத்தோடு புறப்பட்டது உண்மை. போய்ச் சேர்ந்த இடம்தான் தவறு.

அந்தோணியார் உண்டியலில் நீங்கள் போட்டது உங்கள் பணம் அன்று. அது ஏற்கெனவே வேறொருவருக்கு உரியதாகிவிட்ட பணம். மோசேயின் சட்டத்தில், எண்ணிக்கை நூல் 5-ஆம் அதிகாரத்தில், இதற்கென்றே ஒழுங்கு ஒன்று இருக்கிறது. ஒருவருக்குத் தீங்கு இழைத்தவர் தம் பாவத்தை அறிக்கையிட்டு, முழு ஈட்டோடு ஐந்தில் ஒரு பங்கும் கூட்டி, தீங்குக்கு ஆளானவரிடமே கொடுக்க வேண்டும். அவரும் இல்லை, பெற்றுக்கொள்ள நெருங்கிய உறவினரும் இல்லை என்றால்தான் அது ஆண்டவருக்கென்று குருவிடம் போகிறது. முதலில் மனிதர், அவர் இல்லாதபோதே ஆலயம். கல்லலில் அடுப்புக்குப் பின்னால் ஆள் நிற்கும்போது உண்டியல் அவருடைய இடத்தைப் பிடித்துக்கொள்ள முடியாது. கோவிலுக்குக் கொடுத்ததைத் திருப்பிக் கேளுங்கள் என்று சொல்லவில்லை. அது காணிக்கையாகவே இருக்கட்டும். அதைக் காட்டி இந்தக் கடனைக் கழித்துவிடாதீர்கள் என்றுதான் சொல்கிறேன்.

உங்கள் தொழிலிலிருந்தே ஒன்று கேட்கிறேன். ஏட்டில் எழுதியதைச் சுரண்டி அழிப்பவரை நல்ல கணக்குப்பிள்ளை என்று யாரும் சொல்வதில்லை. தவறான பதிவு அதன் இடத்திலேயே இருக்கும். பின்னொரு நாளில் அதற்கு எதிராக மாற்றுப் பதிவு விழும். இரண்டும் கண்ணுக்குத் தெரியும். அப்படித் தெரிவதால்தான் அந்த ஏட்டை நம்புகிறோம். நீங்கள் மார்ச்சில் போட்ட மாற்றுப் பதிவால் பள்ளத்தூர்க் கடையும் புதுவயல் கடையும் நேராகிவிட்டன. அந்தத் தம்பியின் பேரில் அன்று விழுந்த 'திருடன்' என்ற பற்றுக்கு எதிரே இன்றுவரை எந்த வரவும் எழுதப்படவில்லை. அதை எழுதக்கூடிய கை உலகத்திலேயே உங்களுடையது ஒன்றுதான்.

இயேசு மலைப்பொழிவில் சொன்ன ஒன்றை நாம் எளிதாகக் கடந்துபோகிறோம். காணிக்கையோடு பலிபீடத்தின் முன் நிற்கும்போது, உன்மேல் உன் சகோதரனுக்கு மனத்தாங்கல் உண்டென்று நினைவு வந்தால், காணிக்கையை அங்கேயே வைத்துவிட்டு முதலில் போய் அவனோடு ஒப்புரவாகு, பிறகு வந்து செலுத்து என்கிறார். இதில் இரண்டு செய்திகளைக் கவனியுங்கள். உனக்கு அவன்மேல் மனத்தாங்கல் இருந்தால் என்று சொல்லவில்லை. அவனுக்கு உன்மேல் இருந்தால் என்கிறார். அடுத்தது, அதைக் கேட்டுக்கொண்டிருந்தவர்களில் பலர் கலிலேயர். பலிபீடமோ எருசலேமில் இருந்தது. நடந்து போக நாள் கணக்கில் ஆகும் பயணம். அவ்வளவு தூரம் நடந்து வந்து, பீடத்தின் முன் நிற்கும் அந்தக் கடைசி நேரத்தில், வைத்துவிட்டு ஊருக்குத் திரும்பிப் போ என்றால், அது எவ்வளவு பெரிய கேள்வி! நீங்கள் மூன்று முறை ஓரியூருக்கு நடந்தீர்கள். 1693 பிப்ரவரி 4 அன்று மறைசாட்சியான புனித அருளானந்தர் தலை வெட்டுண்டு இரத்தம் சிந்திய மண் அது. அந்த மண்ணை நீங்கள் பயபக்தியோடு வைத்திருப்பதை நான் மதிக்கிறேன். ஆனாலும் காரைக்குடியிலிருந்து ஓரியூர் எவ்வளவு தூரம், கல்லல் எவ்வளவு தூரம் என்பது உங்களுக்கே தெரியும். நெடுவழியை நடந்துவிட்டு, அரை மணி நேரப் பேருந்துப் பயணத்துக்குப் பல ஆண்டுகளாக அஞ்சிக்கொண்டிருக்கிறீர்கள்.

இந்த அச்சத்தை நான் அறிவேன். குருவான மூன்றாம் ஆண்டில், ஒரு கிராமப் பங்கில் உதவிப் பங்குத்தந்தையாக இருந்தேன். கணவனைப் பிரிந்து வாழ்ந்த ஒரு பெண்ணைப் பற்றி யாரோ சொன்னதை விசாரிக்காமல் நம்பி, பெயர் சொல்லாமல், ஆனால் எல்லாருக்கும் புரியும்படி, ஞாயிறு மறையுரையில் பேசிவிட்டேன். சொல்லப்பட்டது பொய் என்று இரண்டு மாதத்தில் தெரிந்தது. அடுத்த வாரமே பாவ அறிக்கை செய்தேன். அந்தப் பெண்ணுக்காகப் பூசை ஒப்புக்கொடுத்தேன். நோன்பு இருந்தேன். அவர் வீட்டுக்குப் போவதற்கு மட்டும் எனக்குப் பதினான்கு மாதம் பிடித்தது.

போன அன்று அவர் திண்ணையில் உட்கார்ந்து முறத்தில் உளுந்து புடைத்துக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் எழுந்தார். முறத்தைக் கீழே வைக்கவில்லை. வரும் வழியெல்லாம் மனப்பாடம் செய்த வாக்கியங்களில் பாதிதான் வாயில் வந்தது. அவர் ஒன்றும் சொல்லாமல் உள்ளே போய் ஒரு சொம்புத் தண்ணீர் கொண்டுவந்து வைத்தார். குடித்து முடிக்கும்வரை காத்திருந்து, "சாமி, அன்னைக்குக் கோவில்ல எல்லாரும் திரும்பி என்னையப் பார்த்தாங்க. அதை எப்படித் திருப்பித் தருவீங்க?" என்று கேட்டார். குரலில் கோபம் இல்லை. உண்மையாகவே எனக்கு வழி தெரியுமா என்று கேட்பவரைப்போலக் கேட்டார். மன்னிக்கிறேன் என்று அவர் அன்றும் சொல்லவில்லை, பிறகும் சொல்லவில்லை. அவர் சம்மதத்தைக் கேட்டுக்கொண்டு, அடுத்த ஞாயிறு அதே இடத்தில் நின்று, நான் சொன்னது தவறு, விசாரிக்காமல் பேசியது என் குற்றம் என்று அறிவித்தேன். மறையுரை நிகழ்த்துவது எப்படி என்று குருமடத்தில் பல ஆண்டுகள் படித்தேன். பேசுவதற்கு முன் விசாரிக்க வேண்டும் என்பதை அந்தத் திண்ணையில்தான் கற்றேன். இன்றும் ஒருவரைப் பற்றி யாராவது காதில் ஓதினால், புடைத்துக்கொண்டிருந்த முறம் நின்ற அந்த அமைதி முதலில் நினைவுக்கு வருகிறது.

இனி உங்கள் இரண்டாவது கேள்விக்கு வருகிறேன்: இத்தனை ஆண்டு செபமும் பொய்தானா? இல்லை. ஆன்மிக வளர்ச்சி என்றால் தவறுகள் குறைந்துகொண்டே போய் ஒரு நாள் அற்றுப்போவது என்று நீங்கள் நினைக்கிறீர்கள்; நம்மில் பலரும் அப்படியே நினைக்கிறோம். பேதுருவைப் பாருங்கள். தலைமைக் குருவின் வீட்டு முற்றத்தில் கரிநெருப்பில் குளிர்காய்ந்துகொண்டே, இயேசுவைத் தெரியாது என்று மூன்று முறை மறுதலித்தார். உயிர்த்த இயேசு திபேரியாக் கடற்கரையில் அவருக்குக் காலை உணவு தயாரித்தபோதும் கரிநெருப்பையே மூட்டியிருந்தார். கரிநெருப்பு என்பதற்கான கிரேக்கச் சொல் புதிய ஏற்பாடு முழுவதிலும் யோவான் எழுதிய இந்த இரண்டு இடங்களில் மட்டுமே வருகிறது. அதே புகை, அதே வெம்மை. அதன் அருகே, மூன்று மறுதலிப்புக்கு 'என்னை நேசிக்கிறாயா' என்று மூன்று கேள்விகள். இயேசு அவரைத் தவறு நடந்த இடத்தின் நினைவைத் தவிர்த்து வேறு வழியாக அழைத்துச் செல்லவில்லை. அதன் வழியாகவே நடத்திச் சென்று, ஆடுகளை ஒப்படைத்தார்.

கதை அங்கேயே முடிந்திருந்தால் நமக்கு வசதியாக இருந்திருக்கும். கலாத்தியர் கடிதத்தின் 2-ஆம் அதிகாரத்தைப் படியுங்கள். பெந்தக்கோஸ்து முடிந்து, தலைவராகி, அற்புதங்கள் செய்து, யூதரல்லாத பிற இனத்தாரோடு பந்தியில் அமர்ந்து உண்டுவந்த அதே பேதுரு, அந்தியோக்கியாவில் யாக்கோபின் ஆட்கள் வந்ததும் அவர்களுக்கு அஞ்சி மெல்ல விலகிக்கொண்டார். பவுல் எல்லார் முன்னிலையிலும் அவரை முகத்துக்கு நேரே கண்டித்தார். முற்றத்தில் ஒரு பணிப்பெண்ணுக்கு அஞ்சியவர், இத்தனை ஆண்டுக்குப் பிறகு பந்தியில் வந்த விருந்தாளிகளுக்கு அஞ்சினார். மனிதர் என்ன நினைப்பார்களோ என்ற அதே அச்சம், அதே பலவீனம். அதனால் கடற்கரையில் அவர் சொன்ன 'உம்மை நேசிக்கிறேன்' பொய்யாகிவிட்டதா? திருச்சபை அப்படிக் கருதவில்லை; அவருடைய அந்தியோக்கியா வீழ்ச்சியைத் தன் புனித நூலிலேயே வைத்துக்கொண்டு அவர் பெயரைச் சொல்லிச் செபிக்கிறது. உங்கள் செபமும் பொய்யன்று. உண்மையில், 'பொறுத்தருளும்' என்ற இடத்தில் தொண்டை அடைப்பதே அந்தச் செபம் உங்களுக்குள் வேலை செய்கிறது என்பதற்கு அடையாளம். செபிக்காதவருக்குத் தொண்டை அடைப்பதில்லை.

வரி வசூலிப்பவர்களின் தலைவரான சக்கேயுவின் கதையிலும் வரிசை முக்கியம். ஏமாற்றி வாங்கியதை அவர் நான்கு மடங்கு திருப்பித் தருவதாக வாக்களித்த பிறகு இயேசு அவர் வீட்டுக்குப் போகவில்லை. மரத்திலிருந்து இறங்கி வா, இன்று உன் வீட்டில் தங்க வேண்டும் என்று முதலில் அழைத்தார். அந்த மகிழ்ச்சியில் சக்கேயு எழுந்து நின்று கணக்கைத் திறந்தார். ஆகவே கல்லலுக்குப் போவதைக் கடவுளின் மன்னிப்புக்குச் செலுத்தும் விலையாக எண்ண வேண்டாம். மன்னிக்கப்பட்டவர் என்பதால் போகிறீர்கள். போகும் தைரியமே அந்த மன்னிப்பிலிருந்து வருவதுதான்.

ஒரே பாவத்தை மீண்டும் மீண்டும் அறிக்கையிடுவதை மட்டும் நிறுத்திக்கொள்ளுங்கள். இயேசு சபையை நிறுவிய புனித இஞ்ஞாசியார் மனந்திரும்பிய தொடக்கத்தில், 1522-இல், ஸ்பெயினின் மன்ரேசா ஊரில் தங்கியிருந்தபோது இந்த வேதனையில் மாட்டிக்கொண்டார்; பழைய பாவங்களில் ஏதேனும் விட்டுப்போயிருக்குமோ என்று திரும்பத் திரும்ப அறிக்கையிட்டு, உயிரை மாய்த்துக்கொள்ளும் எண்ணம் வரைக்கும் போனார். இனிப் பழையவற்றை அறிக்கையிடுவதில்லை என்று முடிவெடுத்த பிறகே அதிலிருந்து மீண்டார். உங்கள் நிலை அதே அன்று, ஏனென்றால் உங்களுக்குச் செய்து முடிக்காத கடமை ஒன்று உண்மையாகவே இருக்கிறது. அதைச் செய்த பிறகும் மனம் இதே வகையில் அரித்துக்கொண்டிருந்தால், அப்போது எனக்கு எழுதுங்கள். அது வேறு நோய், அதற்கு வேறு மருந்து. தூக்கமும் உணவும் கெடும் அளவுக்குப் போனால் மனநல மருத்துவரையும் தயங்காமல் பாருங்கள். அது விசுவாசக் குறைவு அன்று.

செய்ய வேண்டியவற்றைச் சொல்கிறேன். முதலில் உங்கள் மனைவியிடம் சொல்லுங்கள். கடிதத்தில் அவரைப் பற்றி ஒரு சொல்லும் இல்லாததால், இதுவரை சொல்லவில்லை என்று ஊகிக்கிறேன். இந்த முடிவின் விளைவுகளில் அவருக்கும் பங்கு உண்டு. மூத்த மகள் திருமணம் முடியட்டும் என்று முன்பு காத்திருந்ததாகவும், இப்போது இளையவள் அழகப்பா பல்கலைக்கழகத்தில் படிப்பை முடிக்கட்டும் என்று நினைப்பதாகவும் எழுதியிருக்கிறீர்கள். அதற்குப் பிறகு அவளுடைய திருமணம் வரும்; பிறகு பேரப்பிள்ளை வரும். இவை எல்லாம் நியாயமான காரணங்களே. ஆனால் அந்தத் தம்பிக்கும் இதே ஆண்டுகளில் பெண் பார்த்திருப்பார்கள். 'காரைக்குடிக் கடையிலிருந்து ஏன் நின்றாய்' என்று யாராவது கேட்டிருப்பார்கள்.

அடுத்து, முதலாளியிடம் போவதற்கு முன் அந்தத் தம்பியிடம் போங்கள். இதில் பலர் தவறு செய்கிறார்கள். பெயர் கெட்டது அவருக்கு; அதை எப்படி, யாரிடம் மீட்பது என்று தீர்மானிக்கும் உரிமையும் அவருக்கே. கல்லலில் அவருடைய பழைய கதை யாருக்கும் தெரியாமல் இருக்கலாம். நீங்கள் நல்லெண்ணத்தோடு நான்கு பேர் நடுவே அறிவித்து அதைப் புதிதாகக் கிளறிவிடக் கூடாது. நடந்ததைச் சொல்லுங்கள்: பிழை எப்படி நேர்ந்தது என்று ஒரு வாக்கியம், எப்போது தெரிந்தது, தெரிந்தும் எத்தனை ஆண்டு மறைத்தீர்கள் என்று மீதி. தீபாவளி நெரிசலையும் மறந்துவைத்த கண்ணாடியையும் நீட்டி விவரிக்க வேண்டாம். கேட்பவருக்கு அது சாக்காகவே ஒலிக்கும். மன்னித்துவிடு என்று கெஞ்சவும் வேண்டாம். அப்படிக் கெஞ்சினால், இதுவரை உங்கள் பிழையைச் சுமந்தவர் இனி உங்கள் நிம்மதியையும் சுமக்க வேண்டியதாகிவிடும். அவர் கோபப்பட்டால் கேட்டுக்கொள்ளுங்கள். ஒன்றும் பேசாமல் டீ ஆற்றிக்கொண்டிருந்தால் அதையும் ஏற்றுக்கொள்ளுங்கள். என் பெயரையோ, கடவுள்தான் அனுப்பினார் என்பதையோ அங்கே எடுக்க வேண்டாம். அந்தப் பேச்சுக்கு எதிரே அவரால் ஒன்றும் சொல்ல முடியாமல் போகும்.

பணத்தைப் பொறுத்தவரை, பிடித்துவைக்கப்பட்ட சம்பளமும் போனஸும் சேர்த்து ரூ.24,000. எண்ணிக்கை நூலின்படி ஐந்தில் ஒரு பங்கு கூட்டினால் ரூ.28,800. அந்தப் பழைய சட்டத்தின் அளவு இன்று நம்மைக் கட்டுப்படுத்துவதில்லை; நியாயத்தைக் காட்ட அது உதவுகிறது. அவர் வேலையில்லாமல் கழித்த ஏழு மாதம் இதில் சேரவில்லை. பணத்தை உறையிலிட்டு முதல் சந்திப்பிலேயே நீட்டாதீர்கள். வாயை அடைக்க வந்ததாகத் தோன்றும். உனக்குச் சேர வேண்டியது இவ்வளவு இருக்கிறது, எப்படிக் கொடுக்கட்டும் என்று கேளுங்கள். தொகையை அவர் அதிகமாகச் சொன்னால் பேரம் பேசாதீர்கள். உங்களால் மாதந்தோறும் எவ்வளவு முடியும் என்பதை உள்ளபடி சொல்லி, சொன்னபடி கட்டுங்கள்.

அதன் பிறகு முதலாளி. சம்பளத்தைப் பிடித்துவைத்தவர் அவர் என்பதால் அதைத் திருப்பித் தரும் கடமை அவருக்கும் உண்டு. ஆனால் தவறான ஏட்டை நம்பி அவர் அப்படிச் செய்தார். அவர் தர மறுத்தால் அந்தச் சுமை உங்களுடையதே. பழைய ஏடுகள் இருந்தால், இரண்டு பதிவுகளையும் அடையாளம் வைத்து அவர் முன் திறந்து காட்டுங்கள். உங்கள் வேலைக்கு ஆபத்து வரலாம் என்பதை நான் மறைக்கவில்லை. 22 ஆண்டு நம்பிக்கை அவரை நிதானப்படுத்தலாம். அதே 22 ஆண்டு அவரை இன்னும் புண்படுத்தவும் செய்யலாம். எது நடந்தாலும், அன்று அந்தத் தம்பியை எல்லார் முன்னிலையிலும் திருடன் என்று சொன்ன அதே கடையில், அங்கே இன்னும் வேலை செய்யும் பழைய ஆட்கள் காதில் படும்படி, அவன் எடுக்கவில்லை என்ற சொல் ஒரு முறையாவது ஒலிக்க வேண்டும் என்று கேளுங்கள். அந்தத் தம்பி அதை விரும்பினால்.

அன்பியப் பொறுப்பைப் பற்றிய கேள்விக்கு நீண்ட பதில் தேவையில்லை. உங்கள் பங்குத்தந்தையிடம் நடந்ததைச் சொல்லி, அவர் சொல்கிறபடி செய்யுங்கள். தகுதியில்லை என்று நீங்களாகவே எழுதிக்கொடுத்து விலகிவிட்டால், அதுவும் உண்டியலில் போட்ட பணத்தைப்போல இன்னொரு மாற்று முகவரியாகிவிடலாம். விலகியதே போதுமான தண்டனை என்று மனம் சமாதானம் சொல்லிக்கொண்டு, கல்லல் பேருந்தை மறுபடியும் தவறவிட்டுவிடும்.

கல்லலுக்கு ஒரு வார நாளில் போங்கள். ஞாயிறும் சந்தை நாளும் வேண்டாம். காலைக் கூட்டமும் மாலைக் கூட்டமும் டீக்கடைக்காரருக்குப் பிழைப்பு நேரம். பிற்பகல் இரண்டரை, மூன்று மணி வாக்கில் கடை ஓய்ந்திருக்கும். தனியாகப் போங்கள். முதலில் ஒரு டீ கேட்டு வாங்கி, காசைக் கொடுத்துவிடுங்கள். பிறகு உங்கள் பெயரையும், எந்தக் கடையிலிருந்து வருகிறீர்கள் என்பதையும் சொல்லுங்கள். அன்று நான் உங்களுக்காகப் பூசை ஒப்புக்கொடுக்க விரும்புகிறேன். எந்த நாள் என்பதை மட்டும் எனக்குத் தெரிவியுங்கள்.